லங்காவியிலிருந்து புக்கெட்டுக்கு: நாலு மாதம் படகில் குடித்தனம்

கேள்வி: எனக்கு 59 வயது. பினாங்கில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, லங்காவியில் 36 அடி பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். நானும் மனைவியும் டிசம்பரில் கிளம்பி, தாய்லாந்துத் தீவுகள் வழியாகப் புக்கெட் வரை போய், ஏப்ரலுக்குள் திரும்பத் திட்டம். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், ரேடார், புதுப் பாய் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்கினால் படகின் விலையைத் தாண்டிவிடும். எதை முதலில் செய்வது? மனைவி கேட்கச் சொன்ன இன்னொன்று: படகில் இட்லி மாவு அரைத்துப் புளிக்கவைக்க முடியுமா?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளில் மனைவியின் கேள்விதான் விஷயத்துக்கு நெருக்கமானது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

லங்காவியின் தெலாகா துறைமுகத்திலிருந்து கோ லிப்பே (தாய் மொழியில் ‘கோ’ என்றால் தீவு) சுமார் 25 கடல் மைல். அங்கிருந்து கோ ரோக் சுமார் 45. அப்புறம் கோ லந்தா, பீ பீ, புக்கெட் எல்லாம் இன்னும் சின்னச் சின்னத் தாவல்கள். உங்கள் படகு மணிக்கு 5 கடல் மைல் போகும் என்று வைத்தால், நீளமான தாவலே ஒன்பது மணி நேரம்தான். விடிந்ததும் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே நங்கூரம் போட்டுவிடலாம். போக, வர, நடுவில் சுற்ற என்று தாராளமாக 150 மணி நேரம் ஓடுவீர்கள். நாலு மாதத்தில் கிட்டத்தட்ட 2,900 மணி நேரம் இருக்கிறது. மீதி நேரமெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட்ட ஒரு சின்ன வீட்டில் குடித்தனம்தான். பட்டியல் கொடுத்தவர்கள் 150 மணி நேரத்துக்குப் பொருள் வாங்கச் சொல்கிறார்கள். நீங்கள் மீதி 2,750 மணி நேரத்துக்குச் செலவு செய்யுங்கள்.

அதனால் முதல் செலவு நங்கூரம். பழைய படகோடு வந்தது துருப்பிடித்த, சின்ன நங்கூரமாக இருந்தால் அதை உபரியாக வைத்துக்கொண்டு, ரொக்னா, மேன்டஸ், ஸ்பேட் போன்ற புது வடிவத்தில் 20 கிலோ எடையில் ஒன்று வாங்குங்கள். சங்கிலி 60 மீட்டருக்குக் குறையக் கூடாது. பத்து மீட்டருக்கு ஒரு நிறம் என்று பெயின்ட் அடித்து வையுங்கள். எத்தனை மீட்டர் விட்டோம் என்பது இருட்டில், மழையில், தூக்கக் கலக்கத்திலும் தெரிய வேண்டும்.

எவ்வளவு விடுவது? இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆழமானி 6 மீட்டர் காட்டுகிறது. ஆனால் நீங்கள் வந்து சேர்ந்தது நீர் வற்றியிருக்கும் நேரம். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் 3 மீட்டர் வரை ஏறும். நீர்மட்டத்திலிருந்து படகின் மூக்கு 1.2 மீட்டர் உயரம். மூன்றையும் கூட்டினால் 10.2. அதற்கு ஐந்து மடங்கு, அதாவது 51 மீட்டர் சங்கிலி வெளியே போக வேண்டும். ஆறு மீட்டர்தானே என்று 25 மீட்டர் விட்டுவிட்டுப் படுத்தால் நடுராத்திரி ஏற்றத்தில் அது இரண்டரை மடங்குதான்.

நான் அப்படிப் படுத்தவன். லங்காவிக்குத் தெற்கே ஒரு சின்ன விரிகுடா, ராத்திரி இரண்டு மணி. திடீரென்று காற்று சில்லென்று ஆனது, அப்புறம் மழை. எழுந்து போய்ச் சங்கிலியில் கை வைத்தேன். நன்றாகப் பிடித்திருக்கும் சங்கிலி இழுபட்டு விறைக்கும், தளரும், அவ்வளவுதான். அன்றைக்கு அது கைக்குள் தடதடவென்று அதிர்ந்தது, கற்சாலையில் மாட்டு வண்டி போவதுபோல. நங்கூரம் அடியில் உருண்டு வருகிறது என்று அர்த்தம். எஞ்சினைக் கிளப்பி முன்னால் போவதற்குள் பாறை இருபது மீட்டருக்குள் வந்துவிட்டது. இப்போதும் படுக்கப் போகுமுன் ஒருமுறை சங்கிலியில் கை வைத்துப் பார்க்காமல் போவதில்லை.

நங்கூரத்தைப் போட்டதும் எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக, பிறகு கொஞ்சம் பலமாக ஓட்டிப் பதிய வையுங்கள். கரையில் ஒரு தென்னையையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு நகராவிட்டால் பிடித்துவிட்டது. கோ லிப்பே போன்ற தெளிந்த தண்ணீரில் கண்ணாடி மாட்டிக் குதித்து நேரிலேயே பார்த்துவிடலாம். பவளத்தின்மேல் மட்டும் போடாதீர்கள். தேசியப் பூங்காக்களில் கட்டிக்கொள்ள மிதவைகள் உண்டு. சங்கிலியின் முரட்டு இழுப்பை வாங்கிக்கொள்ள எட்டு மீட்டர் நைலான் கயிற்றைச் சங்கிலிக்கும் படகுக்கும் இடையில் கட்டுங்கள். படகுக்கு நல்லது, படுக்கையில் கடமுடா சத்தமும் கேட்காது. சங்கிலியின் கடைசி முனையைப் படகோடு கயிற்றால்தான் கட்ட வேண்டும். நிலைமை மோசமானால் கத்தியால் அறுத்துவிட்டு ஓடலாம். இரும்பு வளையத்தால் பூட்டியிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

இரண்டாவது செலவு நிழல். மேல்தளத்தை மூடும் தார்ப்பாய் இல்லாவிட்டால் உள்ளே பகல் இரண்டு மணிக்கு உட்கார முடியாது. உங்கள் மனைவி மூன்றாம் நாள் பினாங்குக்குப் பஸ் விசாரிப்பார். தைக்கிறவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: காற்று எழுந்தால் ஒரு நிமிடத்தில் அவிழ்க்க முடிய வேண்டும். படுக்கைக்கு ஒன்று, சமையலிடத்துக்கு ஒன்று என 12 வோல்ட் மின்விசிறிகள். கொசுவலை. பாய்க்கு இவ்வளவு கூட வேண்டாம். வெயிலில் துணிக்கு முன்னால் நூல்தான் சாகும். பாய் தைப்பவரிடம் கொடுத்து மறுதையல் போட்டாலே பழைய பாய் இந்தப் பருவத்தைத் தாங்கும். ரேடாரை மறந்துவிடுங்கள். பகலில் மட்டும் ஓடுகிறவருக்கு அது எதற்கு? இந்தக் கடலில் இரவு ஓடாததற்கு ஆயிரம் காரணம் மீன்வலைகளே. விளக்கில்லாத மிதவைகளை ரேடார் நம்பிக்கையாகக் காட்டவும் செய்யாது.

தண்ணீருக்கு வருவோம். உங்கள் தொட்டி 300 லிட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த அளவுப் படகுகளில் பெரும்பாலும் அவ்வளவு இருக்கும். குழாயைத் திறந்தால் மின்பம்பு கொட்டும் ஏற்பாடு இருந்தால் இரண்டு பேர் அதை ஒரு வாரத்தில் காலி செய்துவிடுவீர்கள். மிதிபம்பு ஒன்று பொருத்துங்கள். காலால் மிதித்தால்தான் தண்ணீர் வரும் என்றால் கை தானாகச் சிக்கனமாகிவிடும். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். குளியலும் அப்படியே: கடலில் குதித்து, ஏறி வந்து, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு டப்பாவில் ஆளுக்கு இரண்டு லிட்டர். இப்படி இருந்தால் ஒருவருக்கு நாளைக்குப் பத்து லிட்டரில் ஓடும், 300 லிட்டர் பதினைந்து நாள் வரும். மழையை நம்பாதீர்கள். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை இந்தப் பக்கம் காய்ந்த காலம். இருபது லிட்டர் கேன் நாலு வாங்குங்கள், ஆள் வசிக்கும் தீவுகளில் நிரப்பிக்கொள்ளலாம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்ட வேண்டும், இல்லையென்றால் மருந்து ஊற்றி மூடி வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் அதன் சவ்வு கெட்டுவிடும். கலங்கிய நீரில் வடிகட்டிகள் அடைத்துக்கொண்டே இருக்கும். முதல் பருவத்திலேயே இந்த நோயாளியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

மின்சாரத்தில் பெரிய தின்னி குளிர்பெட்டி. இந்த வெப்பத்தில் அது மட்டும் நாளைக்கு 60 ஆம்பியர்-மணி (பேட்டரி மின்சாரத்தை அளக்கும் அலகு) கேட்கும். விசிறி, விளக்கு, போன், பம்பு எல்லாம் சேர்ந்து இன்னொரு 30. நம் வெயிலில் 100 வாட் சோலார் பேனல் நாளைக்கு 25 முதல் 30 ஆம்பியர்-மணி தரும். ஆகவே 400 வாட் போட்டால் ஜெனரேட்டர் தேவையில்லை. விரிகுடாவில் பக்கத்துப் படகுக்காரர்களின் சாபமும் மிச்சம். பேனலை நிழல் விழாத பின்பக்கத்தில் பொருத்துங்கள். ஒரு கயிற்றின் நிழல் விழுந்தாலும் உற்பத்தி நன்றாகக் குறையும். பழைய ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, லித்தியத்தில் 80 சதம் எடுக்கலாம். லித்தியம் போடுவதென்றால், எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இணைக்காமல் நடுவில் அதற்கான சார்ஜர் வையுங்கள். அது தின்கிற வேகத்தில் ஆல்டர்னேட்டர் கருகிப்போகும்.

சரி, இட்லி. முடியும். கிரைண்டரை ஏற்ற வேண்டாம், மிக்ஸி போதும். ஆயிரம் வாட் இன்வர்ட்டர் வைத்து, நடுப்பகலில், பேனல் முழு வேகத்தில் இருக்கும்போது அரையுங்கள். 750 வாட் மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் 12 ஆம்பியர்-மணி போல ஆகும், அது தாங்கும். புளிப்பதுதான் சிக்கல். படகின் சூட்டில் மாவு ஆறு ஏழு மணி நேரத்தில் பொங்கிவிடும், வீட்டுக் கணக்கு செல்லாது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அதைக் கழுவுதொட்டிக்குள் வையுங்கள், படகில் எதுவும் கவிழாத ஒரே இடம் அதுதான். நான் ஒருமுறை கடல் வரைபட மேசையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். பக்கத்தில் போன மீன்பிடிப் படகின் அலை ஒன்று போதுமாக இருந்தது. அந்த மேசை இழுப்பறையைத் திறந்தால் மாதக்கணக்கில் மாவு வாசனை. அரைத்த மறுநாள் பயணம் வைக்காதீர்கள். ஓடும் நாளுக்கு முந்தின இரவே புளிசாதம் கிளறி வைத்துவிடுங்கள். ஆட்டத்தில் சமைத்தே ஆக வேண்டுமென்றால் பிரஷர் குக்கர் மட்டும்: கவிழ்ந்தாலும் மூடி திறக்காது.

உளுந்து, துவரம் பருப்பு, புளி, வற்றல் வகையறாவைப் பினாங்கு லிட்டில் இந்தியாவிலேயே வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள். காய், பழம், தேங்காய், மீன் எல்லாம் வழியில் தாராளம். அட்டைப் பெட்டி ஒன்றுகூடப் படகுக்குள் வரக் கூடாது. அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை வரும், அப்புறம் உங்களோடு அதுவும் குடியிருக்கும். கரையிலேயே பிரித்து, காற்றுப் புகாத டப்பாக்களில் மாற்றுங்கள். முட்டையைக் கழுவாமல் வாங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் குளிர்பெட்டி இல்லாமலே இரண்டு வாரம் வரும்.

சமையலோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. எரிவாயு காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவு வழியே போகும், படகில் கசிந்தால் அடித்தட்டில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். சிலிண்டர் இருக்கும் அறையின் வடிகால் படகுக்கு வெளியே திறக்க வேண்டும். சமைத்து முடிந்ததும் சிலிண்டரிலேயே வால்வை மூடுங்கள், ஒவ்வொரு முறையும்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக: உபரி இம்பெல்லர் (குளிர்நீர் பம்பின் ரப்பர் சக்கரம்) இரண்டு, பெல்ட், எண்ணெய், டீசல் வடிகட்டி ஆறு. இங்கும் தாய்லாந்திலும் டீசலில் பாமாயில் எரிபொருள் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், தொட்டியில் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். கிளம்புமுன் தொட்டியின் அடியைச் சுத்தம் செய்யுங்கள். புரொப்பல்லரில் வலை சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு கத்தியோடு இறங்குங்கள். கடல்நீர் நுழையும் ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடிப் பார்த்து, பக்கத்தில் ஒரு மரக்கட்டை அடைப்பானைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

கரைக்குப் போய்வரும் சின்னப் படகான டிங்கிதான் உங்கள் கார். ராத்திரி அதைத் தண்ணீரில் விடாமல் தூக்கிக் கட்டுங்கள், திருட்டும் போகாது, சிப்பியும் ஒட்டாது. மோட்டார் இருந்தாலும் துடுப்பு உள்ளே இருக்கட்டும். புக்கெட்டுக்குப் பக்கத்திலுள்ள பாங் ஙா விரிகுடாவில் பாறைக்குகை வழியே நுழைந்து உள்ளே திறந்த குளத்தைப் பார்க்கும் இடங்கள் உண்டு, அவசியம் போங்கள். ஆனால் ஓத அட்டவணை பார்த்துப் போங்கள். நீர் ஏறிவிட்டால் குகை வாய் மூடிவிடும், அடுத்த வற்றம் வரை உள்ளேதான்.

பவளம் கீறினால் சின்னக் காயம் என்று விடாதீர்கள். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மருந்து போட்டு, ஆறும்வரை கடலில் இறங்க வேண்டாம். எந்த மாத்திரைகளைக் கையில் வைத்திருப்பது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தபின் நேரே கிளம்பிவிடாதீர்கள். நவம்பர் கடைசியில் பத்து நாள் லங்காவிக்குள்ளேயே, மரினா (படகுத்துறை) பக்கம் தலைகாட்டாமல், நங்கூரத்தில் இருந்து பாருங்கள். டாயாங் புந்திங் தீவை ஒட்டிய கால்வாய் அருமையான இடம். உயர்ந்த பாறைச்சுவர், அமைதியான தண்ணீர். குரங்குகள் இருக்கும், வாழைப்பழத்தை வெளியே வைக்காதீர்கள். ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள்: தொட்டியில் எவ்வளவு தண்ணீர் குறைந்தது, காலையில் பேட்டரி எவ்வளவு, எதைத் தேடி எரிச்சல்பட்டீர்கள். அந்த நோட்டில் மூன்று முறைக்கு மேல் வரும் பொருளை மட்டும் வாங்குங்கள்.

பருவக் கணக்கு உங்களுக்கே தெரிந்திருக்கிறது. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் தீவுகளின் மேற்குக் கரைகள் அமைதியாக இருக்கும். ஏப்ரல் பிறந்ததும் மலாக்கா நீரிணைப் பக்கம் விடியற்காலையில் ‘சுமத்ரா’ என்கிற திடீர்ப் புயற்காற்று தலைகாட்டத் தொடங்கும். மார்ச் கடைசியில் மூக்கைத் தெற்கே திருப்பிவிடுங்கள். புக்கெட்டுக்கு வடக்கே உள்ள சிமிலான் தீவுகள் மேல் ஆசை இருந்தால் முன்னதாகப் போய் வந்துவிடுங்கள்.

காகிதங்கள்: லங்காவியில் துறைமுக அலுவலகம், குடிநுழைவு, சுங்கம் மூன்றிலும் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் புக்கெட்டின் சாலோங்கில் உள்ளே விடமாட்டார்கள். தாய்லாந்து அனுமதி கிடைக்கும்வரை மஞ்சள் கொடி பறக்கட்டும். பதிவு, காப்பீடு, பாஸ்போர்ட், ஆட்கள் பட்டியல் ஒவ்வொன்றிலும் பத்து நகல். அப்புறம், லங்காவியின் குவா நகரில் முத்திரை செய்கிறவரிடம் படகின் பெயரும் பதிவெண்ணும் போட்டு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள். சட்டம் கேட்காது, ஆனால் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைப் பார்த்தால் பிடிக்கும்.