கொடைக்கானலில் மாதாவுக்குத் தேர் இழுக்கிறார்களே, அப்படியென்றால் கிறிஸ்தவர்களுக்கு முதன்மையானவர் இயேசுதானா?

ஆகஸ்ட் நடுவில் சலேத் மாதா திருவிழாவுக்குக் கொடைக்கானல் போனவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். சுருக்கமான பதில்: ஆமாம், இயேசுதான்.

பைபிளில் பவுல் கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். படைப்பு எல்லாம் இயேசு வழியாக, அவருக்காகவே உண்டானது. திருச்சபைக்குத் தலையும் அவரே. இதில் கத்தோலிக்கர், சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் வழியில் வந்த தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அப்புறம் மாதா? 1846-இல் பிரான்சின் லா சலேத் மலையில் இரண்டு சிறுவர்கள் கண்டதாகச் சொன்ன காட்சியில், மரியாளின் மார்பில் ஒரு பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம், இருந்தது. ஒளி அதிலிருந்துதான் வந்ததாம். 1866-இல் கொடைக்கானலில் எழுந்த கோவிலுக்கு அந்தக் காட்சியின் பெயர்தான். ஜெபத்திலும் கத்தோலிக்கர் மாதாவிடம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றுதான் கேட்கிறார்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டும். சிஎஸ்ஐக்காரர்கள் இந்தப் பரிந்துரையே தேவையில்லை என்பார்கள். அந்த விவாதம் தனி.

அன்றாடத்தில்தான் விஷயம் கடினமாகிறது. இயேசு ஆண்டவர் என்றால், சீசனில் அறை வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றலாமா, சாதி பார்த்துப் பெண் கொடுக்கலாமா என்பதிலும் அவர் சொல்தான் செல்ல வேண்டும். நடைமுறையில் சாதி ஜெயிப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சீடர்களின் கால்களைக் கழுவியவர் அவர். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று குருக்கள் அதைச் செய்து காட்டுவது, அவருடைய தலைமை எப்படிப்பட்டது என்று நினைவூட்டத்தான்.