போனை முதலில் சைலண்டிலிருந்து எடுங்கள்

எடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் முக்கால் பக்கம், மேல்கையில் தோலுக்கடியில் இருந்துகொண்டு சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்பும் ஒளி சென்சாரைப் பற்றித்தான். உள்ளே விளக்கு எரிகிறதாமே, புற்றுநோய் வருமா, சாயம் கசிந்து ரத்தத்தில் கலக்குமா, வீடியோவில் காட்டிய கண்ணாடி இழை உள்ளேயே ஒடிந்தால் என்ன செய்வது. கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல இரண்டு வரி: "ராத்திரி 3 மணிக்கு 52 என்று கத்துகிறது, ஆனால் எனக்குப் படபடப்பும் இல்லை, வேர்வையும் இல்லை, மெஷின்தான் பொய் சொல்கிறது என்று போனை சைலண்டில் போட்டுவிட்டேன். போன வாரம் தூக்கத்தில் எழுந்து ஏதோ உளறினேன் என்று மனைவி சொல்கிறாள்."

எனக்குப் பயம் அந்த இரண்டு வரியில்தான்.

பல வருடமாக இன்சுலின் போடுகிறவர்களுக்கு, சர்க்கரை அடிக்கடி தாழ்ந்து தாழ்ந்து, உடம்பு அதற்குப் பழகிவிடும். முன்பெல்லாம் 70-க்குக் கீழே போனதும் கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், பசி பிடுங்கும். இப்போது அதெல்லாம் வராமல் நேராக மூளையே தடுமாற ஆரம்பிக்கும், அதுதான் அந்த உளறல். அறிகுறி இல்லை என்பதை மெஷின் பொய் சொல்வதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள் பாருங்கள், அந்த அறிகுறி இல்லாததுதான் நோய். 54-க்குக் கீழே என்றாலே நாங்கள் அதைத் தீவிரமானதாக எடுத்துக்கொள்வோம், நீங்கள் 52-ஐ வைத்துக்கொண்டு திரும்பிப் படுத்திருக்கிறீர்கள்.

மெஷின் பொய்யே சொல்லாதா? சொல்லும். அது அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையில் இருக்கும் நீரை, அதனால் சில நிமிடம் பின்தங்கித்தான் வரும். அந்தக் கையின் மேலேயே படுத்து அழுத்தினாலும் எண் இறங்கிக் காட்டலாம். அதற்குத்தான் விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் இருக்கிறது, ஆனால் கடிதம் முழுக்கத் தேடினேன், ஒருநாள்கூட நீங்கள் குத்திப் பார்த்ததாக இல்லை. குத்திப் பார்க்க முடியாத நேரத்தில் தாழ்வு என்று வந்தால் தாழ்வு என்றே நம்புங்கள்: 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம், மறுபடி பார்க்க வேண்டும். இந்த வரி உங்கள் மனைவிக்கு: அவர் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளுக்ககான் (சர்க்கரையைச் சட்டென ஏற்றும் அவசர மருந்து) கையில் இருந்தால் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே, உங்கள் டாக்டரிடம் போய் இரவு இன்சுலின் அளவைப் பேசுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சில வாரம் சர்க்கரை தாழாமல் பார்த்துக்கொண்டால், மங்கிப்போன அறிகுறிகள் பலருக்கு ஓரளவு திரும்பி வரும். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். பிபி மாத்திரையின் பெயர் 'லால்' என்று முடிகிறதா என்றும் பாருங்கள் (அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி). அவை படபடப்பை மறைத்துவிடும். அதற்காக நிறுத்திவிட வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும்.

சரி, விளக்குக்கு வருவோம். சென்சாரின் மேல் ஒரு ஜெல் பூச்சு இருக்கிறது, அதில் குளுக்கோஸைப் பிடித்துப் பிடித்து விடுகிற மூலக்கூறு ஒன்று. குட்டி எல்இடி சில நிமிடத்துக்கு ஒருமுறை கண் சிமிட்டும், குளுக்கோஸ் அதிகமாக ஒட்டியிருந்தால் ஜெல் அதிகமாக ஒளிரும், அந்த ஒளிர்வைத்தான் எண்ணாக மாற்றுகிறார்கள். அந்த மூலக்கூறு ஜெல்லோடு வேதிப்பிணைப்பில் இருக்கிறது, துணியில் சாயம் போகிற மாதிரி கரைந்து வருவதில்லை. அந்தச் சின்னச் சிமிட்டலால் புற்றுநோய் வந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. கண்ணாடி இழை உங்கள் கையில் இல்லவே இல்லை! அது வேறு வகை, முடி மாதிரி மெல்லிய இழையின் நுனியில் ஜெல்லைப் பூசி, ஒளியை ஒரு முனையில் அனுப்பி அதே வழியாகத் திரும்ப வாங்குவார்கள், இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. தோலைத் துளைக்காமலே சர்க்கரை காட்டும் மோதிரம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், வேண்டாம். அப்படி எந்த மோதிரத்துக்கும் வாட்சுக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தே விட்டது.

இன்னொன்று. தோல் கொப்புளத்துக்கு வீட்டில் மிச்சம் இருந்த டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை 4 நாளாக நீங்களாகவே விழுங்கியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டு? ஒளி சென்சாரில் அந்த வகை மருந்து எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். உடனே "அப்போ 52 பொய்தானே டாக்டர்" என்று கிளம்பாதீர்கள், அலாரம் 2 மாதமாக அடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை அட்டையையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், கூடவே மனைவியையும். அன்றைக்கு ராத்திரி நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அவருக்குத்தான் இருக்கும்.