நடு சீட்டில் யார் உட்கார்ந்தது?

கேள்வி: தங்கையின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து சிங்கப்பூர் போனோம். ராத்திரி ஃப்ளைட். மனைவி ஜன்னல் ஓரம், நான் நடுவில், அம்மா நடைபாதை ஓரம். சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்ததும் எனக்கு முன்னால் இருந்தவர் சீட்டை முழுக்கச் சாய்த்துவிட்டார். நான் நல்ல உயரம், முட்டி இடித்தது. நிமிர்த்தச் சொன்னேன். "நானும் காசு கொடுத்துதான் வந்திருக்கேன்" என்றார். கோபத்தில் இரண்டு மூன்று முறை அவர் சீட்டை முட்டியால் இடித்தேன். பேச்சு தடித்தது. பணிப்பெண் வந்து என்னையே அடக்கிவிட்டுப் போனார். கடைசியில் அம்மா தானாகவே "நீ இங்க வாப்பா" என்று இடம் மாறிக்கொண்டதில் பிரச்சினை ஓய்ந்தது. (அம்மாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆனதால் வீல்சேர் கேட்டிருந்தோம். மீனம்பாக்கத்தில் இமிக்ரேஷன் வரிசையில் நிற்காமல் சீக்கிரம் போக முடிந்தது.) அடுத்த மாதம் அம்மாவைத் திரும்ப அழைத்துவரப் போகிறேன். முன் சீட் சாயாமல் தடுக்க ஒரு கிளிப் விற்கிறதாமே, வாங்கலாமா? தப்பு யார் மேல்?
— ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்:

தம்பி, சீட் சண்டைக் கடிதம் இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. முன்னால் உட்கார்ந்தவர் எழுதினால் பின்னால் இருப்பவர் முரடர், பின்னால் உட்கார்ந்தவர் எழுதினால் முன்னால் இருப்பவர் சுயநலக்காரர். அதனால் உங்கள் கேள்வியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன்.

அவர் சாய்த்ததில் தப்பில்லை. திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாதியோடு நிறுத்தியிருக்கலாம். செய்யாதது அவர் வளர்ப்பு. ஆனால் சாய்க்கக் கூடாது என்று விதி ஏதுமில்லை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் நிமிர்த்தி வைத்தாக வேண்டும். அவசரமாக வெளியேற நேர்ந்தால் பின்வரிசைக்காரருக்கு வழி வேண்டுமே, அதற்காக. சாப்பாட்டு நேரத்தில் பணிப்பெண்களே நிமிர்த்தச் சொல்வார்கள். அதற்குமேல் எதுவும் எழுதிவைக்கவில்லை. ரயிலில் அந்தக் கவலை இல்லை. மிடில் பெர்த்தை ராத்திரி 10 மணிக்கு விரிக்கலாம், காலை 6 மணிக்கு மடக்கிவிட வேண்டும் என்று 2017-லேயே ரயில்வே வாரியம் சொல்லிவிட்டது. விமானத்தில் மனுஷனுக்கு மனுஷன் பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆதங்கம் நியாயமானதுதான். ஒரு சீட்டின் முதுகுக்கும் அடுத்த சீட்டின் முதுகுக்கும் நடுவே 34, 35 அங்குலம் விட்டிருந்த காலம் உண்டு. இன்று சிக்கன விமானங்களில் 28, 29 அங்குலம்தான். குறைத்தவர் ஏதோ ஒரு நிறுவன அலுவலகத்தில் ஏசி அறையில் இருக்கிறார். இடி வாங்குவது முன் சீட்டுக்காரர்.

கிளிப் வேண்டவே வேண்டாம். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து டென்வர் போன விமானத்தில் ஒருவர் அந்தக் கிளிப்பை மாட்டினார். முன்னால் இருந்த பெண்மணி அவர் மேல் தண்ணீரை ஊற்றினார். விமானத்தைச் சிகாகோவுக்குத் திருப்பி இருவரையும் இறக்கிவிட்டார்கள். நம் நாட்டிலும் 2017-ல் விதி வகுத்திருக்கிறார்கள்: வாய்த் தகராறுக்கு 3 மாதம் வரை, தள்ளுவது உதைப்பது என்று போனால் 6 மாதம் வரை விமானத்தில் ஏறத் தடை. நீங்கள் முட்டியால் இடித்ததை அந்தப் பணிப்பெண் பெரிதுபடுத்தவில்லை. உங்களை அடக்கினார் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள், அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

சரி, இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன்.

கடிதத்தில் முன் சீட்டுக்காரரின் முகம் எப்படி இருந்தது, எந்தத் தொனியில் பேசினார் என்றெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். இங்கே இடமில்லாததால் வெட்டிவிட்டேன். அம்மா இடம் மாறியதற்கு ஒரே ஒரு வரி. "தானாகவே" என்று வேறு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவர் முட்டியில் ஆபரேஷன் ஆனதோ அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது, அதுவும் வரிசையில் நிற்காமல் போனதற்குக் காரணம் சொல்ல.

உங்கள் முட்டியில் இடித்த அதே சீட், சாய்ந்தது சாய்ந்தபடியே, அடுத்து யார் முட்டிக்கு முன்னால் இருந்தது? மனைவி ஜன்னல் ஓரம், நடுவில் நீங்கள், நடைபாதை ஓரம் அம்மா. காலை நடைபாதைப் பக்கம் கொஞ்சமாவது நீட்டிக்கொள்ள முடிகிற ஒரே இடம் அவருடையது. சண்டைக்குப் பிறகு அந்த இடத்தில் நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்தீர்கள். அவர் இருவருக்கும் நடுவில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு லாபம் அடைந்த ஒரே ஆள் நீங்கள்தான், தம்பி. சாய்த்தவருக்குக்கூட ஒரு பாட்டு திட்டு கிடைத்தது.

மீனம்பாக்கத்தில் வீல்சேர் வந்தபோது அம்மாவுக்கு முட்டி வலி இருந்தது. கூடவே நீங்களும் விறுவிறுவென்று உள்ளே போனீர்கள். விமானத்துக்குள் அந்த வலி எங்கே போயிற்று?

மாற்று முட்டி வைத்தவர்கள் மணிக்கணக்கில் காலை மடக்கியே வைத்திருந்தால் எழும்போது இறுகிக்கொள்ளும். அவ்வப்போது எழுந்து நாலு அடி நடக்க வேண்டும் என்பார்கள் டாக்டர்கள். அதோடு, 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. இளவயதுக்காரர்களுக்கு அது மிகச் சிறிய அபாயம். உங்கள் அம்மா இளவயதுக்காரர் இல்லை. சிங்கப்பூர் கிட்டத்தட்ட 4 மணி நேரப் பயணம்.

நடு சீட்டில் இருப்பவர் எழுந்திருக்க வேண்டுமானால் ஓரத்தில் தூங்குகிறவரை எழுப்பியாக வேண்டும். தூங்குகிற மகனை நம் ஊர் அம்மாக்கள் எழுப்புவார்களா? டாய்லெட் போக வேண்டி வந்துவிடுமே என்று தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். பணிப்பெண் தட்டோடு வந்தபோது அவர் ஒரு கப் தண்ணீராவது வாங்கினாரா, நினைவிருக்கிறதா? இருக்காது. நீங்கள் கவனித்துக்கொண்டிருந்தது முன் சீட்டை.

உங்கள் மனைவியைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. கடிதம் எழுதியது அவர் இல்லை, அம்மாவும் அவரைப் பெற்றவர் இல்லை.

எனக்குத் தெரிந்த குடும்ப நியாயம் இதுதான். பெற்றவள் பிள்ளைக்காக எழுந்திருப்பாள், எத்தனை வயதானாலும் எழுந்திருப்பாள். அவளைத் திரும்ப உட்காரவைப்பது பிள்ளையின் வேலை. "வேண்டாம்மா, நீ உக்காரு, நான் சமாளிச்சுக்கறேன்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் சண்டை அப்போதும் ஓய்ந்திருக்கும். முட்டி கொஞ்சம் வலித்திருக்கும், வலிக்கட்டுமே. இறங்கியதும் உங்களுக்கு என்ன வேலை இருந்தது? அவருக்கு இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறார். பூண்டு உரித்துப் பத்தியக் குழம்பு வைக்க வேண்டும். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட முட்டி இடம் கொடுக்காது, அதனால் நின்றுகொண்டே செய்ய வேண்டும். ராத்திரி அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். உங்கள் தங்கைக்காகத்தான் போனார், ஆனால் போகிற வழியில் உங்களுக்கும் ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

திரும்பி வரும்போது கிளிப்புக்கு வைத்திருக்கும் காசை சீட் தேர்வுக் கட்டணத்தில் போடுங்கள். முன்னால் சீட்டே இல்லாத முதல் வரிசை கிடைத்தால் நல்லது, அங்கே யாரும் சாய்க்க வழியில்லை. அவசர வழிக்குப் பக்கத்து வரிசையில் கால் நீட்ட இடம் உண்டு என்று அதைப் பிடித்துவிடாதீர்கள். வீல்சேர் கேட்டவர்களை அங்கே உட்காரவிட மாட்டார்கள். எதுவும் கிடைக்காவிட்டால் நடைபாதை ஓரம், அதிலும் 'சி' சீட். அது விமானத்தின் இடது பக்கம் என்பதால் நடைபாதை அம்மாவின் வலது பக்கம் வரும், ஆபரேஷன் ஆன காலை நீட்டலாம். தள்ளுவண்டி வரும்போது மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'டி' சீட்டும் ஓரம்தானே என்று எடுத்தால் இடது காலைத்தான் நீட்ட முடியும்.

நீங்கள் 'பி'. முன்னால் இருப்பவர் சாய்த்தால், "சார், கொஞ்சம் பாதியோட நிறுத்துவீங்களா, முட்டி இடிக்குது" என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டால் சரி, கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். மணிக்கு ஒரு தடவை அம்மாவை எழுப்பி டாய்லெட் வரை நடக்கவையுங்கள். வேண்டாம் என்பார், எழுப்புங்கள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே சிங்கப்பூருக்கு ஒரு போன் போடுங்கள். போய் இறங்கிய அன்று முட்டி எப்படி இருந்தது என்று அம்மாவைக் கேட்டுப் பயனில்லை, சொல்ல மாட்டார். தங்கையைக் கேளுங்கள்.