விண்டோஸ், மேக் இரண்டுக்கும் ஒரே ஹார்டு டிஸ்க்: எந்த ஃபார்மட்?

புதிய 2 டிபி வெளி ஹார்டு டிஸ்க்கை விண்டோஸ், மேக் இரண்டிலும் செருக வேண்டும், மேக்கின் பேக்கப்பும் அதிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஃபார்மட்டில், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒரே முறையில், இரண்டும் நடக்காது. டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாக (தனித்தனிப் பகுதிகளாக) பிரியுங்கள்.

கோப்புகளைப் பரிமாறும் பகுதிக்கு எக்ஸ்ஃபேட் (exFAT) போதும்; விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கவும் எழுதவும் கூடிய ஃபார்மட் இது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ் (NTFS) டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் கூடுதல் மென்பொருள் இல்லாமல் எழுதாது. பழைய ஃபார்மட்டான ஃபேட்32-இல் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை வைக்க முடியாது. கல்யாண வீடியோ ஒன்றே அதைத் தாண்டிவிடும். லினக்ஸ்கூட 2019-இல் வந்த 5.4 கெர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி) எக்ஸ்ஃபேட்டை ஏற்கிறது. ஒரு குறை, இதில் ஜர்னலிங் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி) இல்லை. எழுதும்போது கேபிளைப் பிடுங்கினால் கோப்புகள் கெட்டுப்போகலாம். எஜெக்ட் செய்துவிட்டே கழற்றுங்கள்.

மேக்கின் பேக்கப் மென்பொருளான டைம் மெஷினுக்கு ஆப்பிளின் ஃபார்மட்டான ஏபிஎஃப்எஸ் (APFS). மேக்கின் கொள்ளளவைப் போல இரு மடங்கு ஒதுக்குங்கள். பிரிக்கும் வேலையை மேக்கின் டிஸ்க் யுட்டிலிட்டியில் செய்வது நல்லது. ஸ்கீம் என்ற இடத்தில் ஜியுஐடி பார்ட்டிஷன் மேப்பை (டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறை) தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கில் ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் எல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஏபிஎஃப்எஸ் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது. ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். எக்ஸ்ஃபேட் பகுதியில் மட்டும் இருக்கும் படங்களுக்கு இந்த டிஸ்க்கே பேக்கப் ஆகாது; அவற்றுக்கு இன்னொரு நகல் வேண்டும்.