ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர்?

கேள்வி: காரில் கூலன்ட் மாற்றப் போகிறேன். இதுவரை குழாய்த் தண்ணீர்தான் கலந்து ஊற்றினேன். ஆர்.ஓ. தண்ணீர் போதுமா, டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டுமா?

பதில்: டிஸ்டில்டு வாட்டரோ டி.எம். வாட்டரோ (தாது உப்புகளை நீக்கிய தண்ணீர்) வாங்குங்கள். பேட்டரித் தண்ணீரும் இதேதான். ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாமல் லேபிளைப் படியுங்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள் அதிகம் சூடேறும் இடத்தில், அதாவது இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றித்தான் முதலில் படியும். ரேடியேட்டர் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஹெட்டின் சூடு மட்டும் தண்ணீருக்கு இறங்காது. குளோரைடு அலுமினியத்தில் ஊசித்துளை போடும். கூலன்டில் பாஸ்பேட் இருந்தால் உப்புத் தண்ணீரில் அது திரிந்து வண்டலாகும்.

ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் அறவே இல்லாமல் இல்லை. சில கருவிகள் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கவும் செய்கின்றன. வேறு வழியில்லாதபோது ஊற்றலாம். சாஃப்ட்னர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதில் கால்சியம் போய் சோடியம் வருமே தவிர, குளோரைடு அப்படியே இருக்கும்.

பழைய தண்ணீரை இன்ஜின் ஆறிய பிறகு வடித்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும்வரை ஓட்டுங்கள். ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். வடித்தாலும் இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தண்ணீர் தங்கிவிடும். அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்ததை ஊற்றினால் கூலன்ட் நீர்த்துப்போகும். மேனுவலில் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்றால், கலக்காத கூலன்டை முதலில் 3 லிட்டர் ஊற்றிவிட்டு, மிச்சத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். ‘ரெடி மிக்ஸ்’ கூலன்டில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் இந்தக் கணக்குக்கு அது ஒத்துவராது.

கேள்வி: டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றி ஓட்டலாமா?

பதில்: கூடாது. துருவைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. கொதிநிலையும் வேறு: 1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி இருந்தால் வெறும் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், பாதிக்குப் பாதி கலவை 128 வாக்கில். அதற்காகக் கூலன்டை மட்டும் ஊற்றுவதும் தவறு. அது தண்ணீர் அளவுக்குச் சூட்டை ஏற்காது.

கேள்வி: வழியில் தண்ணீர் குறைந்தால்?

பதில்: அப்போது கிடைக்கிற குடிதண்ணீரை ஊற்றுங்கள், இன்ஜின் வெந்துபோவதைவிட அது மேல். நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஊர் வந்ததும் ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைத்து, முழுவதும் வடித்து மாற்றிவிடுங்கள்.