சண்டை எதைப் பற்றி?

கேள்வி: பழைய ரோமானியர்களின் பேச்சுக்கலைக் கையேடுகள் எல்லாம், பொய்யை மெய்யாக்க வக்கீல்களுக்குக் கற்றுக்கொடுத்த தந்திரங்கள்தானே? அவற்றைப் போய்ப் படிக்கச் சொல்கிறீர்களே?

பதில்: ஒன்றையாவது புரட்டிப் பார்த்தீர்களா? தந்திரம் இருக்கிறது, இல்லை என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெரென்னியஸ் என்பவருக்காக யாரோ எழுதிய கையேடு ஒன்று உண்டு (புகழ்பெற்ற ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதியது என்று பல நூறு வருடம் நம்பிக்கொண்டிருந்தார்கள்). வலுவான வாதங்களை முதலிலும் கடைசியிலும் வை, நோஞ்சான்களை நடுவில் ஒளித்துவிடு, கேட்பவர்கள் களைத்துப்போயிருந்தால் சிரிக்க வைத்து ஆரம்பி என்றெல்லாம் அதில் வருகிறது. சரி, இது தந்திரம்தான்.

ஆனால் முதல் பாகத்திலேயே, சண்டை எதைப் பற்றி என்று கண்டுபிடிக்கச் சொல்கிறது அதே நூல். கிரேக்கக் கதைகளிலிருந்து உதாரணம் தருகிறது: காட்டில் அயாக்ஸ் என்ற வீரன் செத்துக் கிடக்கிறான், ரத்தம் சொட்டும் வாளோடு பக்கத்தில் நிற்பவன் அவனுடைய பகைவன் யுலிசஸ்: கொன்றானா, இல்லையா? இது ஒரு வகை. தாயைக் கொன்றேன், ஆனால் நியாயம் இருந்தது என்கிறான் ஒரெஸ்டஸ்: இது வேறு வகை. எனக்குப் பிடித்தது இன்னொன்று. புயலில் கப்பலைக் கைவிட்டு ஓடுகிறவர்களுக்கு அதில் உரிமை போய்விடும், கப்பலிலேயே இருந்தவர்களுக்குத்தான் கப்பலும் சரக்கும் சொந்தம் என்று ஒரு சட்டம். எல்லோரும் படகில் ஏறித் தப்பிக்கிறார்கள், எழுந்திருக்கவே முடியாத ஒரு நோயாளியைத் தவிர. கப்பல் தற்செயலாகப் பத்திரமாகத் துறைமுகம் வந்து சேர்கிறது. படுத்துக் கிடந்தவன் கப்பல் என்னுடையது என்கிறான், பழைய முதலாளி வழக்குப் போடுகிறார். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, நடந்ததில் தகராறும் இல்லை, சட்டத்தின் எழுத்தா அதை எழுதியவர்களின் நோக்கமா என்பதுதான் வழக்கு. இதில் எங்கே ஐயா பொய்யை மெய்யாக்கும் வித்தை?

அப்புறம், உங்கள் கேள்வி ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடம் பழசு. 12 பாகங்களில் பேச்சுக்கலையை எழுதிய ரோமானிய ஆசிரியர் குவின்டிலியன் அதைக் கேட்டு, பதிலும் சொல்லிவிட்டார்: கொள்ளைக்காரனும் எடுத்து வீசுவான் என்பதற்காகப் படைவீரனுக்கு வாள் செய்யாமல் இருப்பதா, சில சமயம் இடிந்து விழுகிறது என்பதற்காக யாருமே கூரைக்குக் கீழே போகாமல் இருப்பதா என்று.

தந்திரம் கற்றுக்கொடுத்தார்களா, அது மட்டும்தான் கற்றுக்கொடுத்தார்களா, அதைப் படிப்பது தப்பா என்று மூன்று சண்டைகளை ஒரே வரியில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். முதலாவதை ஒப்புக்கொண்டாயிற்று. மற்ற இரண்டில் எதற்கு வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.