நின்றுபோன நடைப்பயிற்சிக்குத் திரும்ப மனம் வராதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 48, மயிலாப்பூரில் வசிக்கிறேன். ஐந்து ஆண்டுகள் தினமும் காலை ஐந்தரை மணிக்கு நாகேஸ்வரராவ் பூங்காவில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தேன். மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்ததும் அது நின்றுபோனது. இரண்டரை ஆண்டுகள் அவரைப் பார்த்துக்கொண்டேன். சென்ற ஆண்டு காலமானார். இப்போது நேரம் இருக்கிறது, மனம்தான் வரவில்லை. மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் நான்காம் நாளே மூச்சு வாங்கி, முழங்கால் வலித்து, விட்டுவிட்டேன். எடை 9 கிலோ கூடியிருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1. எனக்கு மன உறுதி போய்விட்டதா, டாக்டர்?

பதில்: படுக்கையில் இருந்த ஒருவரை இரண்டரை ஆண்டுகள் பராமரித்த உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நீங்கள் மனத்தின் மீது சுமத்தும் குற்றத்தில் பெரும்பகுதி உடலைச் சேர்ந்தது. உடற்பயிற்சியை நிறுத்திய இரண்டு வாரங்களுக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு குறையத் தொடங்குகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தம் குறைந்து, அதே வேலைக்கு அது அதிக முறை துடிக்க வேண்டியிருக்கிறது. நான்காம் நாள் நீங்கள் உணர்ந்த மூச்சிரைப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். மிதமாகத் தொடர்ந்தால் இந்த இழப்பு முதல் சில வாரங்களிலேயே பெருமளவு ஈடாகிவிடும். ஆனால் நீங்களோ அந்த நாட்கள் வரும் முன்பே, மிகக் கடினமான கட்டத்திலேயே, மூன்று முறை திரும்பி வந்திருக்கிறீர்கள்.

முழங்காலின் கணக்கு வேறு. கூடிய ஒவ்வொரு கிலோவும் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மீது ஏறத்தாழ நான்கு கிலோ சுமையாக இறங்குகிறது. இதயமும் நுரையீரலும் விரைவில் பழகிவிடும். தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் அவகாசம் தேவை. பழைய நினைவில் முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தால் வலி வருவது இயல்பு, வலித்த இடத்துக்கு மறுநாள் போக மனம் மறுப்பதும் இயல்பு.

இழந்தது திரும்புமா என்ற ஐயம் உங்களுக்கு இருக்கலாம். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்து ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை ஏற்படுத்திய அளவு சரிவை முப்பது ஆண்டு முதுமைகூட ஏற்படுத்தவில்லை என்று தெரிந்தது. சிறிது சிறிதாகக் கூட்டிய ஆறு மாதப் பயிற்சியில், வயதால் குறைந்திருந்த அவர்களின் உடல் தாங்குதிறன் 20 வயதில் இருந்த அளவுக்கே மீண்டது. ஐந்தே பேர்தான் என்றாலும், என்னிடம் வருபவர்களுக்கு இதை நான் அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன்.

ஆகவே, முதல் இரண்டு வாரங்கள் பத்தே நிமிடம் நடங்கள், வாரத்தில் ஐந்து நாட்கள். இன்னும் நடக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். அடுத்தவருடன் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் போதும். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் ஆறாவது வாரத்தில் முப்பது நிமிடம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் வாரம் 150 நிமிடம் அதுதான்.

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஐந்தரை மணி முன்பு பூங்காவுக்குரிய நேரம். பின்னர் அதுவே மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகு துடைத்துவிட்டு, காபி புகட்டும் நேரமாக இருந்திருக்கலாம். அந்த வேளையில் எழுந்ததும் கால்கள் வாசலுக்குப் போக மறுத்தால், அது சோம்பல் அல்ல, துக்கம். நேரத்தை மாற்றிப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடக்கலாம். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில்கூட அது முடியும். உணவுக்குப் பிந்தைய நடை ரத்தச் சர்க்கரை ஏறுவதையும் மட்டுப்படுத்தும். 6.1 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இத்தகைய முன்னிலையில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியபோது நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது.

அலமாரியில் கிடக்கும் பழைய ஷூவை அப்படியே போட்டுக்கொள்ளாதீர்கள். குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் நாள்பட்ட அடிப்பாகம் இறுகியோ பிளந்தோ போயிருக்கும், பார்வைக்குப் புதிதாகவே தெரியும்.

தொடங்குவதற்கு முன் ஹீமோகுளோபின், தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் ஓர் இ.சி.ஜி.யையும் பார்த்துவிடுங்கள். உங்கள் வயதில் மாதவிடாய்ப் போக்கு மிகுதியாக இருந்தால் ரத்தசோகை எளிதில் வரும். தைராய்டு குறைபாட்டைப் போலவே அதுவும் ஆர்வமின்மையாகவே வெளித்தெரியும். தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ, மயக்கமோ வந்தால் உடனே நின்றுவிட்டு 108ஐ அழையுங்கள்.